தங்கப்பாண்டி வீட்டுச் சார்ஜர் சாமி

கோம்பையில் அன்றைக்குச் சாமி பார்க்க நின்ற வரிசை தங்கப்பாண்டியின் கார் கொட்டகையில் தொடங்கி, தெருவை அடைத்து, டீக்கடையை வளைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு வேன், கம்பத்திலிருந்து இரண்டு வேன், குமுளியிலிருந்து ஜீப் நிறைய ஏலத்தோட்டக்காரர்கள். தேங்காய், சேவல், கைக்குழந்தை என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் வரிசையில் நிற்காமலேயே அருள் பெற்றுக்கொண்டிருந்தார்.

எந்தச் சாமி என்று கேட்கிறீர்களா? சுவரில் திருகாணி போட்டு மாட்டிய சார்ஜர். மின்சாரக் காருக்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுவார்களே, அந்தப் பெட்டிதான். அதன் முகத்தில் ஒரு வண்ணத் திரை. பச்சை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் என்ன என்று திரை சொல்லாது. அதைச் சொல்வதற்கு குறி சொல்லும் வருசநாட்டுக் கோடாங்கி குருசாமி உடுக்கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாமியே ஆனாலும் சில விவரங்களை ஆள் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கப்பாண்டி கொட்டகை வாசலில் பட்டுவேட்டியோடு நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வாழைக்காய் வியாபாரி. நல்ல மனிதர். அவரிடம் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுவார், பிறகு யோசிக்க மறந்துவிடுவார்.

இந்தக் கூட்டமெல்லாம் வருவதற்கு முன்னால் அந்தச் சார்ஜரில் இருந்த திரை தீப்பெட்டி அளவுதான். எழுத்து மங்கிப்போய், கண்ணாடி போட்டாலும் தெரியாது. தேனியிலிருந்து வந்த மெக்கானிக், "பெட்டி நல்லாத்தான்ணே இருக்கு, டிஸ்பிளேய மட்டும் மாத்திக்கலாம்" என்று சொல்லிப் பளபளப்பான பெரிய திரையை மாட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டினார். "இனிமே இது நெட்டுல ஓடும்ணே. இத ஸ்கேன் பண்ணுனா போன்லயே பூட்டலாம், தெறக்கலாம். பாஸ்வேர்டு ஸ்டிக்கர்லயே போட்டிருக்கு. மொத வேலையா அத மாத்திருங்க. இல்லேன்னா கண்டவனும் ஸ்கேன் பண்ணி உள்ள வந்துருவான்."

தங்கப்பாண்டி தலையை ஆட்டினார். மெக்கானிக் தெரு முனை திரும்புவதற்குள் புதுத் திரைக்குக் குங்குமம் வைத்தார், மாலை போட்டார், எலுமிச்சம்பழம் கட்டினார். புது மோட்டாருக்கும் புது டிராக்டருக்கும் செய்வதுதானே. பாஸ்வேர்டு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் கோட்டயத்துக்கு லோடு கிளம்ப வேண்டும். மாலை போட்ட பொருளைக் கண்டால் உத்தரவு கேட்காமல் நகரமாட்டார் மனிதர். "கெளம்பவா சாமி?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரை சிவந்தது. தங்கப்பாண்டி உடனே லோடை நிறுத்திவிட்டார். மத்தியானம் செய்தி வந்தது: கேரளாவில் கடையடைப்பு, குமுளியில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன!

புதுத் திரை தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது, அது முடியும்வரை சிவப்பாகத்தான் இருக்கும் என்று கீழேயே பொடி எழுத்தில் ஓடியது. கடையடைப்புச் செய்தியும் முந்தின நாள் பேப்பரிலேயே வந்திருந்தது. ஆனால் படிப்பதற்கு யாருக்கு நேரம்? எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே குருசாமி வந்து சேர்ந்தார். கூடவே கறுப்புக் கம்பளி போர்த்திய ஓர் உருவம். "இவுக மௌனச்சாமி. பேசி வருசக்கணக்காச்சு" என்றார். மௌனச்சாமி பெட்டியை மூன்று முறை சுற்றிவந்து, பக்திப் பரவசத்தில் போனை நீட்டி அதன் பக்கவாட்டைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குருசாமி அந்தப் பக்கம் முழுக்கச் சந்தனத்தை அப்பினார். "சாமிக்கு விலாவுல காத்துப் படக்கூடாது" என்றார். தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் காற்றுப்பட விட்டுவிட்டோமே!

அன்றிலிருந்து வாக்குக் கேட்கும் முறை இதுதான். பக்தர் திரையில் உள்ளங்கையை வைப்பார். குருசாமி உடுக்கை அடிப்பார். மூலையில் மௌனச்சாமி கம்பளிக்குள் தியானத்தில் இருப்பார். உடுக்கை நிதானமாக விழுந்தால் பச்சை, படபடவென்று விழுந்தால் சிவப்பு. சாமிக்கு அப்படியொரு தாள ஞானம். ஒவ்வொரு வாக்குக்கும் முன்னால் கம்பளிக்குள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் வேறு அடிக்கும். "தேஜசுடா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

முன்பெல்லாம் நல்லது கெட்டதுக்குச் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்தவர்கள், இப்போது பூவை விட்டுவிட்டுச் சார்ஜருக்கு மாறிவிட்டார்கள். ஊர் முன்னேறத்தான் செய்தது. கிணறு வெட்டவா? மருமகளைக் கூட்டிவரவா? நாய் குட்டி போடுமா? பெரும்பாலும் சிவப்புதான். பச்சை வந்தால் பக்தர் வீட்டுக்குப் போய்விடுவார். சிவப்பு வந்தால்தான் நாட்டுச்சேவலோ ஏலக்காய் மூட்டையோ கொடுத்துவிட்டுப் போவார்.

காருக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்றும் உத்தரவாகியிருந்தது. சாமியின் தும்பிக்கையை எடுத்துக் காரில் சொருகுவதா? ஒயரைச் சுருட்டி அதற்குத் தனி மாலை. கார் உயிர் போய்க் கொட்டகைக்கு வெளியே வெயிலில் கிடந்தது. தங்கப்பாண்டி டவுன் பஸ்ஸில் போய்வந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே முடிந்திருக்கும். ஆனால் அவருடைய மகள் அனுசுயாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தங்கப்பாண்டி ஓடிப்போய்த் திரையில் கையை வைத்தார். உடுக்கை படபடத்தது. சிவப்பு.

"புள்ள ஊரு தாண்டக்கூடாதுன்னு வாக்கு" என்றார் குருசாமி. "தாண்டுனா குடும்பத்துக்கே ஆகாது. ஒரு வருசம் வெள்ளிக்கிழம தவறாம பூச போடணும்."

ஒரு வருடம் குருசாமிக்குச் சாப்பாடு உறுதியாயிற்று. அன்றைக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராஜாத்தி சோற்றுக்கரண்டியோடு புருசனைப் பார்த்து வெடித்தாள்.

"ஏங்க, பத்து ஊரு தள்ளி காலேசுக்கு அனுப்பிப் படிக்கவச்சது நீங்க. அப்ப எந்தப் பொட்டிகிட்ட கேட்டீக?"

"அப்ப சாமி வெளிப்படலையே" என்றார் தங்கப்பாண்டி. மகள் மேல் உயிர் அவருக்கு. அந்த உயிர்தான் அவரைப் பயமுறுத்தியது.

அனுசுயா அழவில்லை. "முந்தாநா நம்ம வீட்டு நெட்டு வேல செய்யாதப்ப, சாமி ஒரு வாக்கும் சொல்லலையேப்பா, ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"சாமிக்கு அசதின்னு கோடாங்கி சொன்னாகளே" என்றார் அப்பா. அனுசுயா கை கழுவ எழுந்தாள்.

விடிந்ததும் தங்கப்பாண்டி கொட்டகைக்குப் போனால், மகள் ஈரத்துணியால் பெட்டியின் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, என்ன பண்ற?"

"சாமியக் குளிப்பாட்டுறேன்ப்பா."

தங்கப்பாண்டி நெகிழ்ந்துபோனார். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது! அவள் போனை நீட்டி எதையோ படம் பிடித்தாள், கொஞ்ச நேரம் தட்டினாள், பிறகு பழையபடி சந்தனத்தை அப்பிவிட்டுப் போனாள். கற்பூரம் வாங்கக் கடைக்கு நடந்தார் தங்கப்பாண்டி.

வரிசை சேர்ந்து, உடுக்கை சூடேறிய நேரம் அனுசுயா கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். துப்பட்டாவுக்குள் ஒரு கை.

"கோடாங்கி அய்யா, நீங்க சொன்ன பரிகாரத்தச் செய்யுறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. ஆனா கைய நீங்க வைக்கணும்."

குருசாமிக்கு என்ன கவலை? மூலையில் கம்பளிக்குள் மச்சினன் இருக்கிறான். ஒரு கையைத் திரையில் பதித்து, உடுக்கையைத் தொடையில் இடுக்கி மறு கையை அதன்மேல் வைத்தார்.

"இவுக இங்கன சொல்றதெல்லாம் நெசமா?" என்று அனுசுயா சாமியைக் கேட்டாள்.

குருசாமி நிதானமாக அடித்தார். சிவப்பு.

கூட்டம் மூச்சை இழுத்தது. குருசாமி இன்னும் நிதானமாக அடித்தார். சிவப்பு. உடுக்கை தூங்கிவிடுமோ என்னும் அளவுக்கு நிதானமாக அடித்தார். அப்போதும் சிவப்பு. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. மூலையில் கம்பளி குலுங்கியது, நீலமாக மின்னியது, மறுபடி குலுங்கியது. பிறகு வருடக்கணக்கான மௌனம் கலைந்தது.

"மாமா! பாஸ்வேர்டு தப்பு தப்புங்குது மாமா! உள்ளயே விடமாட்டேங்குது!"

"ஏலே சுருளியாண்டி, வாய மூடுறா!"

"மௌனச்சாமி பேசிட்டாக!" என்று ஒரு பெண் கைகளைத் தலைக்கு மேல் குவித்தாள். பின்வரிசையில் குலவை கிளம்பியது.

அனுசுயா கம்பளியை உருவினாள். உள்ளே தொப்பையோடு சுருளியாண்டி, மடியில் பாதி தின்ற பரோட்டா, கையில் போன். அவள் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் இரண்டே பட்டன். "பூட்டுனா செவப்பு. தெறந்தா பச்ச. அவ்வளவுதான். இந்தச் சந்தனத்துக்கு அடியில இருக்குற பாஸ்வேர்ட வச்சு இவரு இத்தன நாளா அமுக்குனாரு. காலைல அத மாத்திட்டேன், இப்ப நான் அமுக்குறேன்." அமுக்கினாள். பச்சை. அமுக்கினாள். சிவப்பு. உடுக்கையே இல்லாமல் சாமி ஆடியது.

நியாயமாக இந்த இடத்தில் கூட்டம் குருசாமியைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாவாசித் தாத்தா, தடாலென்று அனுசுயாவின் காலில் விழுந்தார்.

"ஆத்தா! சாமி ஓங் கைக்கு மாறிருச்சே!"

வரிசை அப்படியே வளைந்து அவளை நோக்கித் திரும்பியது. சேவல்கள் கைமாறத் தயாராயின. இந்தச் சந்தடியில் குருசாமியும் சுருளியாண்டியும் கம்பளியை விட்டுவிட்டுப் பரோட்டாவோடு கொல்லைப்பக்கமாக ஓடினார்கள்.

"எந்திரிங்க தாத்தா. இந்தாங்க, நீங்களே அமுக்குங்க."

தாத்தா பயந்து பயந்து அமுக்கினார். பச்சை. மறுபடி அமுக்கினார். சிவப்பு. அப்புறம் விடவில்லை, குழந்தைபோல் அமுக்கிக்கொண்டே இருந்தார். போன் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. அமுக்கியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சேவலைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அனுசுயா அப்பாவிடம் வந்தாள். "அப்பா, திங்கக்கெழம நான் போகவா?"

தங்கப்பாண்டியின் கழுத்து தானாகத் திரையின் பக்கம் திரும்பியது. இத்தனைக்குப் பிறகும் திரும்பியது! அனுசுயா திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"அங்கன பாக்காதீகப்பா. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றி, சுவரில் மாட்டிய பெட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறோமே என்று நினைத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"போயிட்டு வா ஆத்தா. நானே கொண்டுபோய் விடுறேன்."

ராஜாத்தி மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒயரை எடுத்துக் காரில் சொருகினாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. அம்மாவாசித் தாத்தா மட்டும் நகரவில்லை.

"எல்லாஞ் சரிதாந்தாயி. எம் பேத்திக்கு மாப்ள பாத்திருக்கேன். முடிக்கலாமா வேணாமா? இப்ப நான் யாருகிட்டத்தான் கேக்குறது?"

"ஒங்க பேத்திகிட்ட கேளுங்க" என்றாள் அனுசுயா.

சிவப்பும் பச்சையும் காட்டுகிற பெட்டிக்கு யோசிக்கத் தெரியாது, அதன்மேல் குற்றமில்லை. யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் பஸ் நிறுத்தம் வரை வரிசையில் நின்றார்கள்.