இறக்கைப் பையில் ஓட்டை

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குள் கிளைடருக்கு இறக்கை செய்தே தீருவது என்று என் கணவர் சபதம் எடுத்தார். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத குட்டி விமானம். எங்கள் சாப்பாட்டு மேஜை பறிபோனது.

பிசின் தடவிய இறக்கையைப் பிளாஸ்டிக் பைக்குள் படுக்க வைத்து, விளிம்பெல்லாம் ஒட்டுப்பட்டையால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். ஓட்டை இல்லையென்றால் பம்ப் தானாக நின்றுவிடும். இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

கைக்குழந்தைக்குச் சரியான தூக்கமே இல்லை. கொலுசு அசைந்தாலே வீறிடுகிறாள். இதில் பம்ப் வேறா?

"உர்ர்ர்" என்றது பம்ப். ஓடிப்போய்க் குழந்தையின் காதைப் பொத்தினேன். கொட்டாவி விட்டாள். கண் சொருகியது. தூங்கியே போனாள்!

"உஸ்ஸுனு கேக்குது பாரு. மூலையில ஓட்டை!" என்று இவர் அங்கே பட்டையை அழுத்தினார். பம்ப் நின்றது. குழந்தை ஆரம்பித்தாள்.

இவர் கை கழுவப் போன நேரம், பட்டையின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிவிட்டேன். உர்ர்ர். வீடே சொர்க்கம்.

"மறுபடியுமா? நல்லாத்தானே ஒட்டினேன்!"

"பட்டை சரியில்ல போலிருக்குங்க."

"உனக்கென்ன தெரியும் காத்தைப் பத்தி?"

இவர் இடது பக்கம் அடைத்தால், நான் வலது பக்கம் திறந்தேன். பையில் காது வைத்துக் கேட்கப்போய், இவருடைய கிருதா பட்டையோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் என் நகத்தைப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி, நீயா? என் இறக்கை என்ன ஆகும்?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னேன்: "பம்ப் ஓடுற வரைக்கும் பை இறுக்கமாத்தானே இருக்கு? பம்ப் மீட்டர்ல முள்ளைப் பாருங்க."

பார்த்தார். முள் அசையவில்லை. "இருந்தாலும் ஓட்டை இருக்கக் கூடாது. அது என் கொள்கை!"

"தாராளமா அடைங்க. பிள்ளையை இந்தாங்க."

அடைத்தார். பம்ப் நின்றது. அவர் தோளில் இவள் வீறிட்டாள். தட்டிக்கொடுத்தார், குலுக்கினார், விசிலடித்தார். கடைசியில் தானே "உர்ர்ர்" என்று உறுமிப் பார்த்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"ஏம்மா..."

"என்னங்க?"

"எந்த மூலையைத் தூக்கிவிட்டா நல்லா ஓடுது?"