காப்பியத்தைத் தலைகீழாகத் தைத்த கதை

பல்கலைக்கழகத்தின் வருங்காலச் சூரியனும், நான்கு வருடமாக ஆராய்ச்சி என்ற பெயரில் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவாதவளுமாகிய என் அக்கா மகளுக்கு, மாமா வண்டி வண்டியாக ஆசிகளோடு எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கே அனைவரும் நலம். வியாழக்கிழமை உனக்கு வாய்மொழித் தேர்வாமே, உங்கம்மா சொன்னாள். ஆகவே இதை உட்கார்ந்துகொண்டு படி.

மாவீரன் சிதையில் எரிவதில் தொடங்கி, தொட்டிலில் வீறிடுவதில் முடிகிறதே நீ ஆராயும் பெருங்காப்பியம், அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பது ஈரேழு உலகமும் அறிந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் கரையான்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து அலமாரிக்குப் போய்விடும். நான்தான் நூலகத்திலிருந்து தூக்கி வந்து படித்து, 'காலத்தையே காதைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் போகிறான் கவிஞன்!' என்று பத்திரிகையில் பதினோரு பக்கம் முழங்கினேன். அதற்கப்புறம் காப்பியத்தை யார் படித்தார்கள்? என் கட்டுரையைத்தான் படித்தார்கள். வேறு பிரதிகளில் கதை பிறப்பில் தொடங்குகிறதே என்று ஒருத்தர் கேட்டதற்கு, பதிப்பாளன் மூடன், வரிசையைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு பேராசிரியர் தனி நூலே போட்டு அவர் வாயை அடைத்தார்.

போன வாரம் என் அகராதி முதுகு பிய்ந்துவிட்டதென்று பழைய பைண்டரிடம் போனேன். பசைக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறான், "சார், நூலகத்துல அந்தத் தடிப் புத்தகம் இன்னும் இருக்கா? அன்னிக்கு அவசரத்துல காண்டத்தை எல்லாம் கடைசியிலேருந்து அடுக்கித் தைச்சுட்டேன். ஓரம் வெட்டினதுல பக்க நம்பரும் போச்சு. யாரும் வந்து கேக்கல, சரி, எவனும் படிக்கலன்னு விட்டுட்டேன்."

"யோவ், நான் படிச்சேன்யா!"

"படிச்சுமா தெரியல?"

அம்மாடி, அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கணும். முட்டி மடங்காததால் விழுங்க முடியவில்லை போல. உன் நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வும் கவிஞனைப் பற்றியது இல்லடி, இவன் அவசரத்தைப் பற்றியது. யாராவது கண்டுபிடிச்சு உன்னைச் சபையில் நிற்க வைத்துச் சிரிப்பதற்குள் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. பட்டம் போகலாம், மானம் மிஞ்சும். பழியை என் தலையில் போடு. முடியில்லாத தலை, எதுவும் ஒட்டாது. உன் தேர்வாளருக்கும் இப்பவே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நீ நூறாண்டு வாழ்ந்து, என்னைப் போல எதையும் அரைகுறையாகப் படிக்காமல் இருக்க வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கிழித்து அடுப்பில் போடு. தேர்வாளரிடம் பேசினேன். அந்தத் தனி நூலைப் போட்டவரே அவர்தானாம்! எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, பைண்டருக்கு ஞாபக மறதி. கவிஞர் அப்படித்தான் எழுதினார்" என்றார். தன் நூலின் மூன்றாம் பதிப்புக்கு என்னை முன்னுரை கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தைரியமாகப் போய் வா, டாக்டர்.