ஆறு பாகங்களும் ஒரு ‘சரி’யும்

ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அவர் கையில்தான் இருந்தது. லிப்ட் மெக்கானிக். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். ஆனால் சொந்த வீட்டில் அவர் வார்த்தை தரைத்தளத்தை விட்டு ஒரு மாடிகூட ஏறியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக வந்து நின்று ஒரு மாபெரும் முடிவை அறிவித்தார்.

"ஆழையும் மழுபழி ஆழப் போழேன்."

"எதை ஆளப் போறீங்க? நாட்டையா?" என்றாள் மனைவி.

துப்பிவிட்டு வந்து மறுபடி சொன்னார்.

"உப்புக் கோட்டை. ஆறு பாகத்தையும் முதல்லேர்ந்து மறுபடி ஆடப் போறேன்."

உப்புக் கோட்டை என்பது வீடியோ கேம். கப்பலைப் பறிகொடுத்த ஒரு கப்பல் தலைவன், அதைத் தேடிக்கொண்டு தீவு தீவாக அலைகிற கதை. முதல் பாகம் வந்தபோது மெக்கானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆறாவது பாகம் வந்தபோது தலையில் முடி இருந்தது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தக் கம்பெனியிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. இப்போது திடீரென்று, இன்னும் இருபத்தைந்து நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாவது பாகம் வரப்போகிறதாம்.

"ஏற்கெனவே ஆடினதுதானே?" என்றாள் அவள்.

"ஆமா."

"முடிவு தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்ச முடிவுக்கு எதுக்குங்க இருபத்தஞ்சு நாள்?"

"நடுவுல எல்லாம் மறந்து போச்சு. யாரு யாரைக் காட்டிக் கொடுத்தான், யாருக்கு யாரு மச்சான், ஒண்ணும் ஞாபகம் இல்ல. அது தெரியாம ஏழாவதுல காலை வெச்சா மண்டை காஞ்சிடும்."

"எங்க சித்தப்பா பசங்க பேரு ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு ஏழாவது பாகம் வரலையே!"

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல்கள் மென்று முழுங்குவது, சாட்சிகள் திக்குவது, நீதிபதி இருமலுக்கு நடுவில் சொல்வது எல்லாவற்றையும் ஒரு எழுத்து பிசகாமல் பிடித்துவிடுகிற கை. அந்தக் கை இப்போது பென்சிலை எடுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவர் ஒட்டிவைத்திருந்த 'உப்புக் கோட்டை அட்டவனை' என்ற தாளில், 'னை'யை அடித்து 'ணை' போட்டது.

"சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும். போதுமா?"

"போதும்."

"தாராளமா ஆடுங்க."

பதினாறு வருஷ தாம்பத்தியத்தில் அவள் வாயிலிருந்து 'தாராளமா' என்ற சொல் விழுந்ததே இல்லை. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

முதல் நான்கு நாள் சொர்க்கம். ஆறு அடித்தால் சோபா. கையில் கன்ட்ரோலர். கண்ணில் கடல். மனைவி எப்போதாவது பின்னால் வந்து நின்று ஏதாவது கேட்பாள். இவர் எதையாவது சொல்வார்.

"ஏங்க, ஒரு நிமிஷம்."

"இரு, சேவ் பண்ணிட்டு வரேன்."

"பண்ணின மாதிரி தெரியலையே. நாலு நாள் தாடி அப்படியே இருக்கு."

"அந்த ஷேவ் இல்லம்மா. இப்ப தொந்தரவு பண்ணாத, பாஸ் வந்திருக்கான்."

"உங்க ஆபீஸ் பாஸா? வாசல்ல நிக்க வெச்சிருக்கீங்களே, உள்ள கூப்பிடுங்க."

"இது ராட்சச நண்டு!"

"அதைத்தாங்க நானும் கேட்டேன்."

சனிக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஏணியோடு ரெண்டு பேர். பின்னால் நாலு டப்பா பெயின்ட்.

"ஹால் எது சார்? இதுவா?"

"யாருப்பா நீங்க? யாரு வரச் சொன்னா?"

"நீங்க 'சரி'ன்னு சொன்னதா அம்மா சொன்னாங்க."

சாயங்காலத்துக்குள் ஹால் முழுக்கக் கத்தரிப்பூ நிறம் ஆகிவிட்டது. அந்தச் சுவருக்கு முன்னால் கடல் பச்சையாகத் தெரிந்தது, கப்பல் தலைவனுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டாம் பாகத்தை முடித்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால், ஹாலில் ரெண்டு பெட்டி. சோபாவில் மாமனார்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை. முன்னால் கண்ணாடி மாதிரி எது இருந்தாலும் அதையே பார்ப்பார், பார்ப்பதைப் பற்றிக் கேள்வி கேட்பார்.

"வாங்க மாப்பிள்ளை. மூணு வாரம் தங்கலாம்னு நீங்களே சொன்னீங்களாமே? கண்ணு கலங்கிடுச்சு போங்க."

மெக்கானிக்கின் கண்ணும் கலங்கியது. காரணம் வேறு.

ஆறு மணிக்கு அவர் விளையாட உட்கார்ந்தார். மாமனார் நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"இவன் யாரு மாப்பிள்ளை? நல்லவனா, கெட்டவனா?"

"நல்லவன் மாமா."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

"நாலாவது பாகத்துல கெட்டவனா மாறுவான்."

"பாத்தீங்களா! அப்ப இப்பவே வெட்டிட வேண்டியதுதானே? ஏன் கூடவே கூட்டிட்டுத் திரியறீங்க? இந்தக் கப்பலுக்கு பிரேக் எங்க? வளைவுல ஏன் ஹாரன் அடிக்கல?"

கப்பல் பாறையில் மோதி மூழ்கியது.

"நான் சொன்னேன்ல" என்றார் மாமனார்.

வியாழக்கிழமை வந்தது மூன்றாவது இடி. எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா கையில் ஒரு சாவிக்கொத்தோடும் தடித்த நோட்டோடும் வந்து நின்றார்.

"வாழ்த்துகள் செயலாளர் சார்!"

"என்ன செயலாளர்?"

"நம்ம குடியிருப்போர் சங்கத்துக்குத்தான். ரெண்டு வருஷமா யாரும் ஒத்துக்கல. நீங்க முழுமனசோட ஒத்துக்கிட்டீங்கன்னு உங்க வீட்ல சொன்னாங்க. இது மொட்டை மாடிச் சாவி, இது மோட்டார் ரூம் சாவி. மூணாவது மாடியில தண்ணி ஒழுகுது. அப்புறம், லிப்டு ரெண்டு நாளா ஓடல சார்."

பகல் முழுக்க ஊரார் லிப்ட், பொழுது சாய்ந்தால் சொந்த லிப்ட். அன்று மாலை மோட்டார் ரூமில் கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரமும் அவர் தனக்குத்தானே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார். நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?

இறங்கி வந்தவுடன் அதையே மனைவியிடமும் கேட்டார். கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கைப்பையிலிருந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். நீதிமன்றக் குரலில் வாசித்தாள்.

"புதன், மாலை ஆறு இருபது. கேள்வி: உங்க தலையில ஒரு வாளித் தண்ணியைக் கொட்டட்டுமா? பதில்: சரி சரி. இது வெள்ளோட்டம்."

"அடிப்பாவி!"

"வியாழன், ஆறு ஐம்பது. கேள்வி: ஹாலுக்குக் கத்தரிப்பூ கலர் அடிச்சுடலாமா? பதில்: சரி, அவனைக் கொன்னுட்டு வந்துடறேன். வெள்ளி, ஏழு பத்து. கேள்வி: அப்பாவை மூணு வாரம் வரச் சொல்லட்டுமா? பதில்: சரி, வரட்டும், ஒரு கை பாத்துடறேன். திங்கள், ஏழு முப்பது. கேள்வி: சங்கத்துக்கு நீங்களே செயலாளரா இருக்கீங்களா? பதில்: சரிடா, வாடா பாக்கலாம்."

"அதெல்லாம் நண்டுகிட்ட சொன்னது!"

"நண்டு பேரு நோட்ல இல்லையே."

"எங்க, காட்டு." பிடுங்கிப் பார்த்தார். கோடும் கொக்கியும் புள்ளியுமாக எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. அவருக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"நீ பண்றது நியாயமா சொல்லு? விளையாடறப்ப வந்து கேட்டா?"

"விளையாடாதப்பவும் கேட்டேங்க. பெயின்ட் விஷயம் மட்டும் ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன். சுவத்துக்கிட்ட பேசற மாதிரிதான் இருந்துச்சு. இப்பத்தான் முதல் தடவையா பதில்னு ஒண்ணு வருது. விட்டுடுவேனா?"

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். கத்தரிப்பூ நிறம். மாமனார் சோபாவிலிருந்து, "மாப்பிள்ளை, அந்தத் துரோகி என்ன ஆனான்? வந்து போடுங்க" என்றார்.

மறுநாள் ஒரு துணிக்கடையின் லிப்ட் மேல் படுத்துக்கொண்டு கம்பியைச் சரிபார்க்கும்போது அவருக்கு யோசனை உதித்தது. எழுந்த வேகத்தில் தலை இடித்தது. ஆனால் யோசனை தெளிவாக இருந்தது. இந்த வம்புக்கெல்லாம் காரணம் ஒரே சொல். அந்தச் சொல்லை மாற்றிவிட்டால்? இனிமேல் ஆடும்போது யார் எது கேட்டாலும் பதில் ஒன்றுதான். முடியாது.

நாக்கு பழக வேண்டும் அல்லவா? அன்று முழுக்கப் பழகினார். "அண்ணே, டீ சாப்பிடலாமா?" "முடியாது." "சார், லிப்ட்ல ஏறலாமா?" "முடியாது." நாலு பேர் படியேறிப் போனார்கள். மாலைக்குள் நாக்கு தயாராகிவிட்டது.

அன்று ஆறே முக்காலுக்கு அவள் வந்தாள்.

"ஏங்க, அந்தப் பழைய பீரோவைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"முடியாது!"

அவள் திடுக்கிட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தத் திடுக்கிடலை முதுகால் அனுபவித்தார்.

"என் தம்பியை ஒரு வாரம்…"

"முடியாது!"

"சனிக்கிழமை யோகா வகுப்புக்கு…"

"முடியாது! முடியாது!"

பென்சில் நின்றது. நோட்டு மூடியது. காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போய் அடங்கியது. பதினாறு வருஷத்தில் முதல் வெற்றி. மெக்கானிக்குக் கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிற தெம்பு வந்துவிட்டது. நான்காம் பாகத்தை அஞ்சு நாளில் முடித்தார். ஐந்தாம் பாகத்தை நாலே நாளில். மாமனாரின் கேள்விகள்கூட இப்போது தொல்லையாக இல்லை. "இங்க இடது பக்கம் ஒடிச்சா குறுக்கு வழி மாப்பிள்ளை" என்று அவர் சொன்னால் நிஜமாகவே குறுக்கு வழி இருந்தது.

மனைவி தினமும் ஒரு கேள்வி கேட்டாள். தினமும் 'முடியாது' வாங்கிக்கொண்டு போனாள். முகம் வாடிக்கொண்டே வந்தது. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் யுத்தம் என்றால் யுத்தம்தான்.

கடைசி வியாழக்கிழமை வந்தது. ஆறாம் பாகத்தின் கடைசிச் சண்டை. மறுநாள் புது ஆட்டம் வீட்டுக்கே வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. புயலுக்கு நடுவில் கப்பல் தலைவன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து மெல்லிய குரல் ஏதோ கேட்டது.

"முடியாது!" என்றார்.

மறுபடி ஏதோ கேட்டது.

"முடியாது!"

மூன்றாவது தடவையும் கேட்டது. பக்கத்திலிருந்த மாமனார் ஏனோ தொண்டையைச் செருமினார்.

"முடியவே முடியாது!"

"சரிங்க" என்றது குரல். ரொம்பப் பணிவாக.

புயல் ஓய்ந்தது. ஆறு பாகமும் முடிந்தது. யார் யாரைக் காட்டிக் கொடுத்தான், யாருக்கு யார் மச்சான், எல்லாம் விரல் நுனியில். அன்று குழந்தை மாதிரி தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். பின்னாலேயே மறுபடி மணி அடித்தது. எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா.

"செயலாளர் சார், தண்ணித் தொட்டி கழுவ ஆளுங்க வந்தாச்சு. மொத்தம் மூணு தொட்டி, ஒரு நாளைக்கு ஒண்ணு. நீங்க கூடவே நின்னு பாத்துக்கறதா சொன்னீங்களாமே? ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். மனைவி ஏற்கெனவே கண்ணாடியை மாட்டியிருந்தாள்.

"வியாழன், ஏழு நாற்பது. கேள்வி: நாளையிலேர்ந்து மூணு நாள் சங்க வேலையை வேற யார் தலையிலயாவது கட்ட முடியுமா? பதில்: முடியாது. கேள்வி: தொட்டி கழுவறப்ப நீங்க நிம்மதியா வீட்ல உக்காந்திருக்க முடியுமா? பதில்: முடியாது."

"நான்… நான் கேக்கவே இல்ல!"

"எதைக் கேக்கல?"

"கேள்வியை!"

"கேள்வியைக் கேக்காமத்தான் ரெண்டு வாரமா எனக்குப் பதில் சொல்லிட்டிருந்தீங்களா?"

பல் டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக்கு எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற இடம். பதறாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"மூணாவது கேள்வி என்ன?" என்றார், ஈனஸ்வரத்தில்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "புது கேமை அப்பா முதல்ல ஆடினா, உங்களால வேண்டாம்னு சொல்ல முடியுமா? பதில்: முடியவே முடியாது."

அதற்குள் கையிலிருந்த பார்சல் காணாமல் போயிருந்தது. சோபாவில் மாமனார் கன்ட்ரோலரை ஸ்டியரிங் மாதிரி ரெண்டு கையாலும் பிடித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷம் காணாத கடல், கத்தரிப்பூச் சுவருக்கு நடுவில் விரிந்தது.

மெக்கானிக் மொட்டை மாடிச் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போய், ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. அலைச் சத்தம் சரியாக் கேக்கல."