கிளிப்பச்சைச் சட்டையும் நாற்பது கேமராவும்

சிதம்பரம்.

பெரிய மச்சான் சுப்புராயன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சௌந்தரத்தின் கணவன் கலியமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு என்னைத் தவிர யாவரும் சுகம். திருவந்திபுரத்தில் தங்கள் முழங்கால் வலி தேவலையா?

போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் தபால். கல்யாணம் முடிந்து இருபது நாளாகிறது. தாய்மாமன் வீட்டு விருந்து நடக்காமல் நம் பெண் கனிமொழியும் மாப்பிள்ளையும் வேறெந்த வீட்டிலும் கை நனைக்க முடியவில்லை. தங்கள் தங்கை எனக்குக் காபி போடுவதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் அந்தக் கல்யாண வீடியோவால் வந்த வினை. சீர்த்தட்டிலிருந்து எனக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டுச் சட்டையை மேடையில் விரித்துக் காட்டுகிறீர்கள், பூத் தூவுகிறார்கள், நான் வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு பத்து வினாடி நிற்கிறேன். "சட்டையப் பாத்து மூஞ்ச சுளிக்கிறாரு பாருங்க"ன்னு உங்க வீட்ல யாரோ கொளுத்திப் போட்டுட்டாங்க. ஐயோ மச்சான், அது தும்மல்! ரோஜா இதழ் மூக்கில் பட்டு வந்த தும்மல். வீடியோக்காரன் செம்பியன் மேடையைச் சுற்றி அரைவட்டமாக நாற்பது கேமரா நிறுத்தியிருந்தானே, ஒரே பட்டன், நாற்பதும் ஒரே சமயத்தில் படம் பிடிக்கும். அதையெல்லாம் வரிசையாக ஓட்டினால் ஆள் சிலையாக நிற்பான், பூ அந்தரத்தில் நிற்கும், பார்க்கிற கண் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சுற்றி வரும். இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாததைக் கம்ப்யூட்டரே நிரப்பி இழுத்துவிடுமாம். இமைப்பொழுது முகம் பத்து வினாடி ஆனது அப்படித்தான். பக்கத்தில் சம்பந்தி வாயில் பாதி லட்டோடு நிற்கிறாரே, அவர் யாரிடமாவது கோபித்துக்கொண்டாரா?

அக்காவுக்கு என் வணக்கம். தேவநாதர் புண்ணியத்தில் தங்கள் கோபம் ஆறட்டும். பிள்ளைகளை ஒரு வார்த்தை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மூக்கினால் மானம் போன
கலியமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செம்பியன் வந்துவிட்டான். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "மாமா, நாப்பதையும் ஒண்ணா அடிக்கல. ஒண்ணு பின்னால ஒண்ணா அடிச்சேன், மொத்தம் ரெண்டு செகண்டு. பூ மெதுவா இறங்குறதப் பாக்கலியா? தும்முற ஆளு கண்ண மூடணுமே! உங்க கண்ணு காலர்லேர்ந்து கடைசி பொத்தான் வரைக்கும் போவுது" என்று தங்கள் தங்கை காதில் விழும்படி சொல்லித் தொலைத்தான். சரி மச்சான், தும்மலே வரவில்லை. நிறம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். நீங்களும் என்னைப் பார்த்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூஞ்சியைச் சுளித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் இலை போட்டுவிடுங்கள்.