தராசு டீச்சரும் பத்து போல்ட்டுகளும்

எடை போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத பிறவி தாமிரபரணியின் இரண்டு கரையிலும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் தராசு டீச்சர்.

நான் அங்கே கணக்கு வாத்தியார். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு, அது அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஆசிரியர் அறைக்கு வடை வந்தால் முதலில் அதில்தான் ஏறும். "நேத்தைக்கு நாப்பத்திரெண்டு கிராம் இருந்துச்சு, இன்னைக்கு முப்பத்தொம்பதுதான். ஏமாத்துதான் சார்!" ஒருநாள் திருத்தாத விடைத்தாள் ஒன்றைத் தராசில் வைத்து, "இது தேறிரும்" என்றார். தேறியது. நான் முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று, வெட்டிய முடியைக் கொண்டுவரவில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அப்பேர்ப்பட்டவரைப் பதினொன்றாம் வகுப்பு பாத்திமா ஒரே கேள்வியில் மடக்கிவிட்டாள்.

"டீச்சர், புரோட்டான் ஒண்ணுக்கு நிறை ஒண்ணு, நியூட்ரானுக்கும் ஒண்ணுன்னிய. அப்ப குளோரினுக்கு மட்டும் எப்படி முப்பத்தஞ்சரை? அரை நியூட்ரான யாரு வெட்டுனா?"

வகுப்பே சிரித்தது. குளோரின் அணுக்களில் முப்பத்தைந்து நிறை உள்ளதும் உண்டு, இரண்டு நியூட்ரான் கூடுதலாகி முப்பத்தேழு உள்ளதும் உண்டு, இவைதான் ஐசோடோப்புகள் என்று டீச்சர் விளக்கினார். நாலில் மூன்று லேசானது, ஒன்று கனமானது. சராசரி போட்டால் முப்பத்தைந்தரை.

"புரியுது டீச்சர். ஆனா நிறுத்துப் பாக்காம எப்படி நம்புறது?"

டீச்சரால் கோபப்பட முடியவில்லை. அது அவருடைய வசனம்.

அதே வாரம் தலைமையாசிரியர் குண்டைப் போட்டார். "கல்வி அதிகாரி ஆய்வுக்கு வாராரு. போன வருசம் வேதியியல்ல பாதிப் பேரு அவுட்டு. இந்தத் தடவையும் பிள்ளைக முழிச்சிட்டு நின்னா, அறிவியல் பிரிவையே டவுன் பள்ளிக்கு மாத்திருவாக."

டவுன் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு தூரம் பாத்திமாவை அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவளைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர்.

டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனார். அங்கே ஒரு லேத் பட்டறையில் நாற்பது போல்ட்டு செய்யச் சொன்னார். ஒவ்வொன்றும் சரியாக முப்பத்தைந்து கிராம் இருக்க வேண்டும். அதில் பத்துக்கு மட்டும் ஒரு கிராம் வாஷர் இரண்டு கூடுதல். அரை கிராம் மிஞ்சினாலும் திருப்பிக் கொடுத்தார். பட்டறை அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இது ராக்கெட்டுக்கா?"

"அதவிடப் பெருசு அண்ணாச்சி. பதினொண்ணாம் கிளாசுக்கு."

மறுநாள் முதல் வகுப்பறையில் இரும்புச் சத்தம்தான். மூன்று லேசு, ஒரு கனம் என்று நிறுத்தார்கள், நாலால் வகுத்தார்கள், முப்பத்தைந்தரை வந்ததும் கூச்சல் போட்டார்கள். பிறகு மூடிய டப்பாவைத் திறக்காமலே, எடையை வைத்தே உள்ளே கனமானது எத்தனை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த அறையில் என் திரிகோணமிதி யார் காதிலும் விழவில்லை.

அதிகாரி வந்தார். சிரிப்பு என்பது அவர் முகத்துக்குப் பழக்கமில்லை. பாத்திமாவை எழுப்பினார்.

"முப்பத்தஞ்சரை நிறையுள்ள குளோரின் அணு ஒண்ணைக் காட்டு பாப்போம்."

"அப்படி ஒண்ணு கிடையாது சார். அது சராசரி."

"நிரூபி."

அவள் டப்பாவை நீட்டினாள். "எங்களுக்குத் தெரியாம பத்து போல்ட்டு போட்டு மூடித் தாங்க சார்."

அவர் திரும்பி நின்று போட்டார், மூடினார், கொடுத்தார். பாத்திமா நிறுத்து, டப்பாவின் எடையைக் கழித்தாள். முந்நூற்று அறுபத்தைந்து. அவள் முகம் சுருங்கியது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். தராசு டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றார்.

பாத்திமா பைய நிமிர்ந்தாள். "சார், கோவிச்சுக்காதிய. பத்தும் லேசா இருந்தா முந்நூத்தம்பது. ஒவ்வொரு கனமானதுக்கும் ரெண்டு ரெண்டாத்தான் கூடும். ஒத்தப்படை எண் வரவே வராது. உள்ள வேற என்னமோ போட்டிருக்கிய."

அதிகாரி டப்பாவைத் திறந்தார். போல்ட்டுகளுக்கு நடுவே அவருடைய அலமாரிச் சாவி கிடந்தது. அவள் அதை எடுத்துத் தனியாக நிறுத்தாள். ஒன்பது கிராம்.

"மிச்சம் முந்நூத்தம்பத்தாறு. கனமானது மூணு, லேசானது ஏழு."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். மூன்று. ஏழு. அப்புறம் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. "இந்தப் பிரிவு இங்கனயே இருக்கட்டும் சார்" என்றார் தலைமையாசிரியரிடம். "இந்தப் பாடத்தை எடுத்தது யாரு?"

முப்பது விரல்கள் பின்னால் திரும்பின. அங்கே டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆய்வின்போது கை தட்டக் கூடாது என்பது எங்கள் தலைமையாசிரியரின் கண்டிப்பான உத்தரவு. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ தட்டத் தொடங்க, வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி தட்டியது. முதலில் தட்டியது யார் என்று தலைமையாசிரியர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நமக்குள் இருக்கட்டும்: நான்தான்.