பாறை வெயிலும் பதினேழாவது வாய்தாவும்

ஒரு காட்டில், மரங்கள் அடர்ந்து வெயில் தரைக்கே இறங்காத ஒரு காட்டில், காலைச் சூடு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு மொட்டைப் பாறை. அதை மலைக்கொழுந்து என்ற உடும்பார் பிடித்துக்கொண்டார். உடும்பு பிடித்தால் விடுமா?

நமக்கென்ன, குளிர்ந்தால் கம்பளி இருக்கிறது. ஊர்ந்து பிழைக்கிறவர்களுக்கு வெயிலில் காய்ந்தால்தான் உடம்பு ஓடும். ஒரு வேளை வெயிலுக்கு ஐந்து பூச்சி என்று ஆரம்பித்த உடும்பார், பனி இறங்கியதும் பதினைந்து என்றார். காய வருகிறவர்கள் அவர் முதுகையும் சொறிந்துவிட வேண்டும் என்றார். வேறெங்காவது கீற்று வெயில் தேடிப் போனவர்களுக்கு இனிமேல் இங்கே இடமில்லை என்றும் ஒரு விதி போட்டார்.

வேலாயி என்ற ஓணானின் பாடுதான் திண்டாட்டம். அவள் வயிற்றில் எட்டு முட்டை. சூடேறாத உடம்போடு பூச்சியைத் துரத்த முடியாது; பூச்சி இல்லாமல் வெயில் கிடையாது; வெயில் இல்லாமல் உடம்பு சூடேறாது. மேலே வல்லூறு வேறு வட்டமடித்துக்கொண்டிருந்தது. பயந்துபோனவள் நேரே, சந்தையை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் போட்டி ஆணையத்துக்குப் போய், உடும்பார் வெயில் சந்தையில் தம் ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார் என்று புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஆணையத்தின் தலைவர் ஆமையார். எழுத்தர் அரணை, நேற்று நடந்தது இன்று அவருக்கு நினைவிருந்ததாகச் சரித்திரமே இல்லை. இடத்தை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமல்ல, ஆகவே விசாரணை தினமும் காலையில் பாறைமேலேயே நடக்கும் என்று ஆமையார் உத்தரவிட்டார். வருகிறவர்களிடம் கட்டணம் கேட்பது சாட்சியைக் கலைப்பதாகும் என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் குளிர்ந்த ரத்தம்தானே.

முதல் நாள் உடும்பார் பிரமாதமாக வாதாடினார். எருமை முதுகில் சூடு இருக்கிறது, சாணிக் குவியலில் இருக்கிறது, கரடியின் அக்குளில் இருக்கிறது. மொத்தச் சூட்டுச் சந்தையில் தம் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட வராது. இதில் ஆதிக்கம் எங்கே வந்தது?

வேலாயி அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வெயிலில் இருந்தாள். நமக்கு வயிறு குளிர்ந்தால் நிம்மதி. ஓணானுக்கு வயிறு சுட்டால்தான் நிம்மதி. வழக்கு இன்றே முடிந்துவிட்டால் நாளைக்கு எங்கே போவது? அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"அண்ணாச்சி சொல்றது நெசந்தான் ஐயா. ஆனா சாணியில எவ்வளவு சூடு இருக்குன்னு அளக்காம எப்படித் தீர்ப்பு எழுதுவீங்க?"

ஆமையாரின் முகம் மலர்ந்தது. சாணியை அளக்க நத்தையை அனுப்பினார். பத்து நாள் வாய்தா. அதுவரை எல்லோரும் தினமும் பாறையில் ஆஜராக வேண்டும்.

சாணி முடிந்ததும் எருமை வந்தது. எருமை முடிந்ததும் நிலா வெளிச்சத்தில் சூடு உண்டா என்று வேலாயி கேட்டாள். நடுநடுவே அரணை எல்லாவற்றையும் மறந்துபோய் முதலிலிருந்து எழுதினார். பல்லிகளும் பாம்புகளும் தங்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி வந்து படுத்துக்கொண்டன. பதினேழாவது வாய்தாவின்போது, வேலாயி பாறையோரம் இட்டிருந்த முட்டைகள் பொரிந்தன. எட்டுக் குஞ்சுகளையும் பாதிக்கப்பட்ட நுகர்வோர் என்று ஆமையார் பதிவு செய்தார்.

புகார்தாரர்களுக்கு இடம் பாறைமேல்; எதிர்த்தரப்புக்குக் கீழே, வேம்பு நிழலில் என்பது ஆணையத்தின் விதி. உடும்பார் அங்கே விறைத்துக் கிடந்தார். ஒருநாள் தட்டுத்தடுமாறி வேலாயியிடம் வந்தார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க? பூச்சியும் வேண்டாம், சொறியவும் வேண்டாம். பாதிப் பாறையை உனக்கே எழுதித் தர்றேன் தாயி, கேஸை வாபஸ் வாங்கிடு."

வேலாயிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குஞ்சுகள் கண்ணை மூடிச் சுகமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"பாதிப் பாறை எதுக்கு அண்ணாச்சி? கேஸ் நடக்கிறவரைக்கும் முழுப் பாறையும் எங்களுக்குத்தானே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரொம்பக் குளிருதுன்னா நீங்களும் எங்க மேல ஒரு புகார் குடுங்க."

மறுநாள் உடும்பார் புகார் கொடுத்தார். ஓணான் வகையறா வெயில் சந்தையில் ஆதிக்கம் செலுத்துகிறது என்று அதில் எழுதியிருந்தது. ஆமையார் அதை மனமார ஏற்று, இரண்டு வழக்கையும் சேர்த்தே விசாரிப்பதாகச் சொல்லி, பத்து நாள் வாய்தா போட்டார். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட, உடும்பார் மேலே ஏறி வேலாயிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

நீதி: தீர்ப்பு வந்தால் ஜெயித்தவனுக்கு மட்டும் வெயில்; வாய்தா வாங்கினால் ஊருக்கே வெயில்.