மானிட்டரைச் செருக இடமில்லாத மதர்போர்டு

ஒரு வீட்டில் ஒருத்தன் மட்டும் படித்திருந்தால், அவன் எதையும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் ஆபீஸ் கடிதம் வரை எங்கள் வீட்டில் நான்தான் படித்துச் சொல்வேன். புரியாவிட்டாலும் சொல்வேன். (புரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வேன்.)

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த வருடம், பொன்னேரியில் லேத் பட்டறை வைத்திருந்த காதர் பாய் என்னைக் கூப்பிட்டார். "ஊட்ல கம்ப்யூட்டர் வெச்சுக்கினேன்னா டிராயிங் வேல மொத்தமும் உனக்குத்தான் தம்பி. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்றார். அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் கம்பி சுமக்கும் வேலை. அங்கே கிரேன் ஓட்டிய என் அப்பா (எங்களுக்கு நைனா) சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். ஆனால் நான் ஓவர்கிளாக் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். அதற்கேற்ற மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கப் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்தேன்.

"அது இன்னாடா ஓவரு?" என்றார் நைனா.

"ஒண்ணு புள்ளி எட்டுல ஓட வேண்டிய பிராசசர ரெண்டரையில ஓட்டறது நைனா."

சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "அஞ்சு டன் கிரேன்ல ஏழு டன்னு தூக்குனா, மில்லுல மொதல்ல ஆப்பரேட்டரத்தான் வெளிய தூக்கிப் போடுவாங்க."

(அவருக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.)

ரிச்சி தெருக் கடைக்காரர் ஒரு சின்ன போர்டை எடுத்துவைத்து, "இத்த எடுத்துக்க. டிஸ்பிளே இதுலயே வந்துடும்" என்றார். அப்படிப்பட்ட போர்டு ஓவர்கிளாக் செய்பவனுக்கு இழுக்கு என்று படித்திருந்தேன். செம்புக் குழாய் பளபளக்கும் பெரிய போர்டைக் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப மத்ததெல்லாம் ஊட்ல கீதா?"

மற்றது என்றால் எது என்று கேட்டிருக்கலாம். "கீது" என்றேன்.

ஞாயிறு காலை பாய் வந்து உட்கார்ந்தார். அம்மா தெருவுக்கே சொல்லியிருந்ததால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். மற்ற பாகங்களையும் வாங்கி நானே பூட்டி வைத்திருந்த கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டேன். மூன்று ஃபேன்களும் உறுமின.

"காத்து நல்லா வருதே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தையல் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா, மானிட்டர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் குனிந்திருந்தாள். "டேய், இத்த எங்கடா சொருவுறது?"

"பின்னாடிதான்."

"பின்னாடி கீபோர்டுக்குக் கீது, மவுசுக்குக் கீது, ஸ்பீக்கருக்குக் கீது. இதுக்கு எடமே இல்லடா."

அவளை விலக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு இடம் ஒயரின் முனை வடிவில் இருந்தது. ஆனால் அதிலும் ஊசி, இதிலும் ஊசி. அழுத்திப் பார்த்தேன். (படித்தவன் என்பதால் இரண்டு முறை.) பிறகுதான் கையேட்டைப் புரட்டினேன். படம் தெரியத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே போட்டிருந்தது. நான் வேகத்தைக் கூட்டும் அத்தியாயத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

"படம் வருமா தம்பி?" என்றார் பாய்.

"வராது பாய். தெரியாம வாங்கிட்டேன்."

அவர் எழுந்தார். "காலையில ஆறு மணி ஷிப்டு" என்றார் நைனா, என்னைப் பார்க்காமல்.

"பாய், உக்காருங்க" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "எந்தப் பாகத்துக்கு டிராயிங் வேணும்? குடுங்க."

பையிலிருந்து தேய்ந்துபோன இரும்பு வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வெள்ளைத்தாள் இல்லை. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, குறுக்கே வெட்டி, எல்லா அளவோடும். உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று எனக்கு விசிறிக்கொண்டிருந்தது.

பாய் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கோடு சுத்தமா கீது. கார்டு வாங்குற வரைக்கும் அட்டையிலயே போட்டுக்குடு" என்று அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மில்லிலிருந்து நான் தப்பினேன். போர்டுதான் தப்பவில்லை: பெட்டி இல்லாமல் மாற்றித்தர முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நான் எதை வாங்கி வந்தாலும் அக்கா அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் பார்ப்பாள். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீட்டிய குழந்தையை முதலில் வாங்கியது அவள்தான். முன்னும் பின்னும் நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"பயப்படாத. எல்லாம் கீது."